கிம்பர் துரைக்கு ஒரு படையல்

மலாக்கா காஜா பேராங்கில் இருந்த பூக்காரி பூங்காவனத்தின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், லண்டன் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். லண்டன் எங்கே, காஜா பேராங் எங்கே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பூங்காவனமும் ஆயுசு முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

அவள் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு பலகை போட்டுப் பூக் கட்டி விற்பாள். பொழுது சாய்ந்ததும் பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டு, காஜா பேராங் சந்தில் இருந்த வாடகை வீட்டுக்கு நடந்தே போவாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். தொழிலில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. உயிரோடு இருக்கிறவர் கழுத்துக்கு மாலை என்றால் அடியில் குஞ்சம் வைத்துத்தான் கட்டுவாள். செத்தவர் படத்துக்கு என்றால் குஞ்சம் கிடையாது, வெறும் முடிச்சுதான். "யாருக்கு மாலை?" என்று கேட்காமல் நாரைத் தொடமாட்டாள். கல்யாணத்துக்கு அவசரமாக ஓடி வருகிறவர்கள்கூட நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும்.

அவள் புருஷன் ராஜரத்தினம் அவளுக்கு நேர்மாறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர். புக்கிட் பாரு தாண்டி ஒரு ரப்பர் கிடங்கில் ஷீட் அடுக்கும் வேலை. அங்கே தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. வம்பு பேசாத ஆள், கை சுத்தமான ஆள் என்பதால் சந்தா வசூலிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அவரும் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் செய்த அரசியல் அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டில் அவசர காலச் சட்டம் வந்தது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கிறோம் என்று கிளம்பியவர்கள், காட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்தார்கள். ஒரு மத்தியானம் ஜீப் வந்தது, ராஜரத்தினம் போனார். வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, இத்தனை வருஷம் என்று தீர்ப்பும் இல்லை. ஜொகூர் பக்கம் முள்கம்பி போட்ட ஒரு முகாமில் வைத்தார்கள். திருடினவன் பெண்டாட்டிக்காவது புருஷன் எப்போது வருவான் என்று தெரியும். ஒன்றும் செய்யாதவன் பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாது. பூங்காவனம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். "மேலே கேட்க வேண்டும்" என்றார்கள். மேலே போய்க் கேட்டால், "லண்டனில் முடிவு செய்கிற விஷயம்" என்றார்கள். லண்டனுக்கு பஸ் உண்டா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

முகாமில் ராஜரத்தினத்துக்கு ஒரு வழி காட்டினார்கள். 'நானே விரும்பி ஊருக்குப் போகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் கதவைத் திறந்து கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். அப்படிப் போனவர் திரும்பி வர முடியாது. "எந்த ஊருக்கு?" என்று கேட்டாராம் ராஜரத்தினம். பிறந்த ஊரில் அவருக்கு ஒரு முகம்கூட ஞாபகமில்லை. மாட்டேன் என்றுவிட்டார்.

இந்த நிலைமையில்தான், ஐம்பதாம் வருஷம், கிம்பர் துரை மலாக்காவுக்கு வந்தார்.

வில்பிரட் கிம்பர். பார்லிமெண்ட் மெம்பர்கள் சிலர் மலாயாவைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர். மற்றவர்கள் கோட்டையைப் பார்க்கப் போனபோது இவர் மட்டும், தொழிலாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக் காஜா பேராங்குக்கு வந்தார். காதர் மைதீன் கோப்பிக்கடைக்கு முன்னால் பெஞ்சு போட்டுக் கூட்டம். பேசினதைத் தமிழில் சொன்னவர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீஸில் கிராணி, இங்கிலீஷ் கேட்டால் மட்டும் முகம் மலர்கிற மனிதர். துரையின் பூர்வீகத்தை அவர்தான் சொன்னார். துரையின் அப்பா நிலக்கரி வெட்டினவர். துரையும் பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினவர். ஒரு நாள் கூரை சரிந்து நெற்றி கிழிந்தது, காயத்துக்குள் கரி புகுந்து நீலமாக நின்றுவிட்டது. அப்புறம் சங்கம், வேலைநிறுத்தம், நாற்பத்தைந்தில் எலெக்ஷன், பார்லிமெண்ட். மந்திரியெல்லாம் ஆகவில்லை. எழுந்து நின்று கேள்வி கேட்பதுதான் அவருடைய வேலை.

"கேள்வி கேக்கறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள் பூங்காவனம். "எங்க வீட்டுல நான் சும்மாவே கேக்குறேன்."

ஆனாலும் அந்த நீலத் தழும்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் முழங்கையில் பச்சை குத்தியது போலவே இருந்தது. கூலிக்கார மனுஷன்தான் என்று நம்பிவிட்டாள்.

மாலை போடுவது அவள் வேலை. சங்கத்தார் சொன்னது அவ்வளவுதான், மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவள் போட்டாள், நகரவில்லை. மாலையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். துரை நிமிரப் பார்த்தார், முடியவில்லை.

"கிராணி ஐயா, எங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்க. சொன்னாத்தான் கைய விடுவேன்."

தம்பிராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் சொன்னார். துரை குனிந்த தலையோடு முழுவதையும் கேட்டார். சிகரெட் பெட்டியின் முதுகில் பெயரை எழுதிக்கொண்டார். "உன் புருஷன் வெளியே வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்" என்றார். அப்புறம்தான் அவள் கையை எடுத்தாள். துரை ஒன்றும் நடக்காதவர் போல உட்கார்ந்து காதர் மைதீன் கடை பீசாங் கோரேங்கை, அதுதான் மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத்தை, ஒரு தட்டுத் தின்றுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். யாரோ எடுத்த போட்டோவில் துரையின் முகமும், மாலையைப் பிடித்த அவளுடைய இரண்டு கைகளும் விழுந்திருந்தன. துரையின் கழுத்தைப் பிடித்துக் கேட்டவள் என்று காஜா பேராங்கில் அவளுக்குப் பேராகிவிட்டது.

துரை சொன்னபடி பார்லிமெண்டில் கேட்டார், அதை மறைக்கக் கூடாது. தமிழ்ப் பேப்பரில் வந்தது, காதர் மைதீன் கடையில் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். மலாக்கா ராஜரத்தினம் ஏன் அடைக்கப்பட்டிருக்கிறார் என்று திரு கிம்பர் கேட்டார். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று மந்திரி சொன்னார். கடையே கை தட்டியது. ராஜரத்தினம் பேரை லண்டனில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷமும் கேட்டார், பரிசீலனை. அதற்கடுத்த வருஷமும் கேட்டார், அதே பரிசீலனை. "பசியாறியாச்சா?" என்று கடையில் யாராவது கேட்டால் "பரிசீலனையில் இருக்கு" என்று பதில் சொல்லுகிற அளவுக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது. பூங்காவனம் மட்டும் சிரிக்கமாட்டாள். முகாமுக்குப் போகும்போதெல்லாம், "துரை கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு, நீங்க கையெழுத்துப் போட்டுராதீங்க" என்று கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டு வருவாள். ராஜரத்தினம் தலையாட்டுவார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தலை கொஞ்சம் நரைத்திருக்கும்.

ஐம்பத்து நாலில் பேப்பரின் உள்பக்கத்தில் இரண்டே வரி வந்தது. திரு வில்பிரட் கிம்பரின் தொகுதி காலியாகிவிட்டதால் அங்கே இடைத்தேர்தல் நடக்கப்போகிறது.

காதர் மைதீன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "துரை மவுத்தாயிட்டாரு" என்றார்.

"அப்படி எழுதியிருக்கோ?" என்றார் தம்பிராஜா.

"இதுக்கு மேல என்ன எழுதணும்? தொகுதி காலியாம்லா. உக்காந்த நாற்காலிய உசுரோட இருக்குறவன் விடுவானா?"

"ராஜினாமாவாகவும் இருக்கலாம்."

"ராஜினாமாவா? பார்லிமெண்ட்டயா? கிராணி, உங்களுக்குக் கெடச்சா விடுவீங்களா?"

தம்பிராஜா யோசித்துப் பார்த்தார். தனக்குக் கிடைத்தால் விடமாட்டேன் என்று அவருக்கே தெரிந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டார். நாற்காலி என்றால் என்ன, அதில் ஒட்டிக்கொள்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஞானம்தான் அன்றைக்குக் காலை வாரிவிட்டது. கடையை அரை நாள் அடைத்து அனுதாபக் கூட்டம் போட்டார்கள்.

பூங்காவனம் பூக்கூடையோடு வந்தவள் சேதி கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட உடனே வரவில்லை. இனிமேல் யார் கேட்பார் என்ற ஒன்றுதான் அவள் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த தடவை முகாமுக்குப் போனபோது வலைக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"துரை போயிட்டாருங்க."

ராஜரத்தினம் வலையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மனுஷன்" என்றார் கடைசியில். "சரி, இனிமே எதுக்கு இங்க உக்காந்திருக்கணும்?"

"நானும் வந்துடறேங்க."

"வேணாம். நீ இங்க பொறந்தவ, உன்ன யாரும் வெரட்ட முடியாது. நீயும் கெளம்பிட்டா நமக்குன்னு இந்த மண்ணுல ஒரு பிடிமானம் இருக்காது. நீ இரு. நான் எப்படியாவது வந்துருவேன்."

அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று பூங்காவனம் பிற்பாடு சொல்லுவாள். கையெழுத்துப் போட்டார், கப்பல் ஏறினார். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவரைக் கிட்டத்தில் பார்க்க விடவில்லை. அவள் கட்டிக்கொண்டு போன குஞ்சம் வைத்த மாலை திரும்பி வீட்டுக்கே வந்தது.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். குஞ்சம் இல்லாத மாலை கட்டிப் போட்டு, கீழே விளக்கு ஏற்றினாள். தனக்காகக் கேட்ட மனுஷன், எந்த ஊர் மண்ணிலோ போய்விட்டார், நாம் செய்யாமல் யார் செய்வார் என்று படையலும் போட்டாள். வெள்ளைக்காரருக்கு என்ன படைப்பது என்று தெரியவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாரா? தம்பிராஜா, ரொட்டியும் வெண்ணெயும் என்றார். காதர் மைதீன், "மனுசன் என் கடையில என்ன தின்னாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு தட்டு பீசாங் கோரேங் கொடுத்தனுப்பினார். அதையும் பால் ஊற்றின தேத்தண்ணியும் வைத்துக் கும்பிட்டாள். காக்கை வந்து முதல் துண்டை எடுத்துக்கொண்டு பறந்தது. துரை ஏற்றுக்கொண்டார் என்று அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. வருஷா வருஷம் அந்த மாதம் அமாவாசையில் இது நடந்தது.

ஐம்பத்தேழு ஆகஸ்டு. ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்ற பேச்சு, தெருவெல்லாம் தோரணம், பூவுக்குக் கிராக்கி. பூங்காவனம் வீட்டிலேயே உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தம்பிராஜா மூச்சு வாங்க ஓடி வந்தார். சுதந்திர விழாவுக்கு வந்திருக்கும் லண்டன் விருந்தாளிகளில் ஒருவர் மலாக்காவுக்கு வந்திருக்கிறார், ஹோல்வெல் பிரபு என்று பெயர், ராஜரத்தினம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார், மோட்டார் காடி சந்து முனைக்கு வந்துவிட்டது.

"ஹோல்வெலா? அவரு யாரு? எங்க வீட்டுல என்ன இருக்கு பார்க்க?"

"எனக்கும் விளங்கேல்ல" என்றார் தம்பிராஜா.

வாசலில் நிழல் விழுந்தது. உயரமான கிழவர், நல்ல துணி, தங்கப் பிடி போட்ட கைத்தடி. தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் நீலத் தழும்பு.

பூங்காவனத்தின் மடியிலிருந்து சரம் நழுவியது. பகல் வெளிச்சத்தில், காலில் சப்பாத்தோடு, செத்தவர் வந்து நின்றார். அவள் அவருடைய காலைப் பார்த்தாள். தரையில்தான் இருந்தது.

"இவரு கிம்பர் துரையோட அண்ணனா?"

தம்பிராஜா இங்கிலீஷில் ஏதோ கேட்டார். வந்தவர் சிரித்தார், நீளமாகப் பேசினார். பேசப் பேச தம்பிராஜாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"பூங்காவனம், இவர்தான் அவர். சாகேல்ல. ராணி இவரைப் பிரபுவாக்கிப் போட்டா. பிரபு ஆனா மற்றச் சபைக்குப் போகவேணும், எலெக்ஷன்ல ஜெயிச்ச இடத்தை விட்டுப்போடவேணும். பேரும் மாறிப்போகுமாம். பிறந்த ஊர்ப் பேரைப் போட்டுக்கொண்டாராம்."

"உசுரோட இருக்கும்போதே பேர எடுத்துட்டாங்களா?"

"கௌரவத்துக்கு."

அவளுக்குத் தலை சுற்றியது. நம்மிடத்தில் ஒரு ஆளின் பெயரைச் சொல்லுவதை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கே அதைப் பரிசு என்கிறார்கள். என்ன ஊரோ, என்ன வழக்கமோ.

அதற்குள் பிரபு உள்ளே வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் தன் முகம், மாலை, கீழே எரிகிற விளக்கு. அப்படியே நின்றார். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன்னைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம். கூட வந்த போட்டோக்காரரை அழைத்தார். படத்தில் கிடந்த மாலையை மெதுவாகக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு விளக்கின் பக்கத்தில் நின்றார்.

வாசலில் கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூங்காவனம் ஒரே பாய்ச்சலில் போய் அந்த மாலையை அவர் கழுத்திலிருந்து இழுத்தாள். நார் அறுந்து பூ சிதறியது.

"அது வேணாங்க. அது உங்களுக்கு ஆகாது. இருங்க, நான் வேற தரேன்." மெர்டேக்காவுக்குக் கட்டி வைத்திருந்த ஒரு மாலையை எடுத்து, குஞ்சத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டாள். பிரபு அதற்கும் குனிந்தார். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

பிரபு உட்கார்ந்து பேசினார், தம்பிராஜா சொல்லிக்கொண்டே வந்தார். மேல்சபைக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே ராஜரத்தினத்தைப் பற்றித்தானாம். இத்தனை வருஷம் பரிசீலனை என்றவர்கள், அன்றைக்கு மட்டும் 'அந்த ஆள் இப்போது காவலில் இல்லை' என்று பதில் சொன்னார்களாம். அரசியலில் எத்தனையோ கேட்டேன், எதுவும் நடக்கவில்லை, இந்த ஒன்றுதான் நடந்தது, போகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாராம். சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ராஜரத்தினம் வேலைக்குப் போயிட்டாரோ எண்டு கேக்கிறார்" என்றார் தம்பிராஜா.

பூங்காவனத்துக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை. கேட்கிறேன் என்றவர் கேட்டிருக்கிறார். செத்துட்டார் என்று சொன்ன காதர் மைதீன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புருஷனிடம் போய்ச் சொன்னது அவள்தான். அவள் சொல்லாமல் ஒரே ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால்? முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"கப்பல்ல ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டு."

பிரபுவின் முகம் மாறியது. ஏன் கையெழுத்துப் போட்டார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாதா என்றார். தம்பிராஜா அவளைப் பார்த்தார். சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றுதான் போட்டார் என்று ஒரு மனுஷரின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்லுவது? அதுவும் தன்னுடைய ஒரே சாதனை என்று அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறவரிடம்?

"ஊரு நெனப்பு வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றாள். "அப்புறம் ஒண்ணு கேளுங்க. இவரு சொன்னா அவரத் திரும்ப விடுவாங்களா?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை சுதந்திரம், அதற்கப்புறம் லண்டன் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் உங்கள் கையில் என்றார்.

பூங்காவனம் தன் கையைப் பார்த்தாள். பூச்சாறு பட்டுக் கறுத்துப்போன விரல்கள். "என் கையிலயா?"

"எங்கட அரசாங்கத்தின்ர கையில" என்றார் தம்பிராஜா.

இங்கே கேட்டபோது லண்டன் என்றார்கள். லண்டனே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது, அது இங்கே என்கிறது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பிரபு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் காதர் மைதீன் கடையில் அடிதடி ஆகாத குறை. வந்தது கிம்பரேதான் என்று பாதிப் பேர், தம்பி என்று பாதிப் பேர். காதர் மைதீன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு வேற, கைத்தடி வேற. அவரு பீசாங் கோரேங்ன்னா உசுர விடுவாரு, இவருக்கு நான் குடுத்தனுப்பினேன், வயிறு சரியில்லன்னு தொடவே இல்ல. எப்படிலா அவரா இருக்கும்?" என்றார். தம்பி என்பதே ஊரில் நிலைத்துவிட்டது.

தம்பிராஜா மனசு கேட்காமல் திரும்ப அவள் வீட்டுக்கு வந்தார். பூங்காவனம் படத்துக்குப் புது மாலை போட்டு விளக்கில் திரி மாற்றிக்கொண்டிருந்தாள். மாலையில் குஞ்சம் இல்லை.

"அவர் உயிரோட இருக்கிறாரே."

"இருக்கட்டும் ஐயா, நல்லா இருக்கட்டும். கரி வெட்டினவரு, கேட்டுக்கிட்டே இருப்பேன்னு சொன்னவரு, அவரு பேரு கிம்பர். அந்தப் பேர்ல இப்ப ஆள் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நான் செய்யறதுல என்ன தப்பு?"

தப்பா சரியா என்று தம்பிராஜாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

மெர்டேக்கா வந்தது. எலெக்ஷன் வந்தது. மலாக்காத் தொகுதியில் ஜெயித்த புது உறுப்பினர் நன்றி சொல்லக் காஜா பேராங்குக்கு வந்தபோது, மாலையோடு முதல் ஆளாக நின்றவள் பூங்காவனம்தான். போட்டாள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். பழைய பழக்கம் கைக்கு வந்துவிட்டது. "ஐயா, ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லுங்க. உங்க பேரு இதேதானே? நடுவுல மாத்த மாட்டீங்களே?" என்றாள். அவர் இவளைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். மாத்தமாட்டேன் என்றார். நேரில் போய், பஸ் பிடித்துப் போய், வாசலில் உட்கார்ந்து, அவர் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பூங்காவனம் தொந்தரவு கொடுத்தாள். அவர் கேட்டாரோ, இவள் தொல்லை தாங்காமல் யாராவது கையெழுத்துப் போட்டார்களோ, அவசர காலம் முடிந்து அடுத்த வருஷம் ராஜரத்தினம் திரும்பி வர அனுமதி கிடைத்தது.

கப்பலிலிருந்து இறங்கினவரை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்பல் இரண்டு போயிருந்தது, தோள் இறங்கியிருந்தது. குஞ்சம் வைத்த மாலையைப் போட்டுவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள். அவர் மாலையைக் கழற்றாமலே பஸ்ஸில் மலாக்காவரை வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் சுவருக்குப் போனது. படத்தில் துரையின் முகத்தையும் மாலையைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். செருப்பைக் கழற்றினார். விளக்குக்கு முன்னால் கும்பிட்டார்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார். "இவரு மட்டும் உசுரோட இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், பூங்கா. இத்தன வருஷம் அங்க போய்க் கெடந்திருக்க மாட்டேன். அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்குவேன். யாரால என்ன செய்ய முடியும், சாவுன்னு வந்துட்டா."

பூங்காவனம் அடுப்படிக்குப் போகத் திரும்பியவள் நின்றாள். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தைதான். சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் நின்றாரோ அது போய்விடும். சொல்லாவிட்டால், லண்டனில் எங்கேயோ இந்த நேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவரைத் தன் வீட்டில் சாகும்வரை செத்தவராகவே வைத்திருக்க வேண்டும். எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமாங்க" என்றாள். "கிம்பர் துரை இருந்திருந்தா கேட்டுக்கிட்டே இருந்திருப்பாரு."

"அவருக்குத் திதி எப்ப?"

"வர அமாவாசை."

"நான் செய்யறேன்" என்றார் ராஜரத்தினம். "என்ன வச்சுப் படைப்ப?"

"பீசாங் கோரேங்" என்று சொல்லிவிட்டு, விளக்குக்கு எண்ணெய் எடுத்து வர உள்ளே போனாள்.